விட்டுப்போன கோடு

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் போய்க் காபி கலந்துகொண்டு வந்துவிடலாம்.

கோரீனுக்கு நாற்பத்தொன்பது வயது. மில்வாக்கித் தெருக்களில் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பஸ்ஸில் அழுத பிள்ளைகளைத் தேற்றித் தேற்றி, இதையே படித்துவிட்டுச் செய்தால் என்ன என்று தோன்ற, வேலையை விட்டுவிட்டுச் சமூகப்பணிப் படிப்பில் சேர்ந்தாள். எல்லாப் பாடமும் தேறினாள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் பெயர் 'மனித நடத்தையும் வளர்ச்சியும்'. போன வருடம் அதில் மதிப்பெண் தள்ளாடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் வந்தது. இவள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள், பாடம் போய்விட்டது. அதே பாடத்தில் இரண்டாம் தடவையும் தவறினால் படிப்பைவிட்டே அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் தடவை என்ற பேச்சே கிடையாது.

அந்த இரண்டாம் தடவையின் கடைசி நாள் இன்று. மே மாத வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு வகுப்பு.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு முதியவரைப் பேட்டி எடுக்க வேண்டும். அவர் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குப் படமாக வரைய வேண்டும். படித்த கோட்பாடுகளில் இரண்டை அவர் வாழ்க்கையில் பொருத்தி எழுதி, வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பாசமென்றால் இரட்டைக் கோடு. பகையென்றால் ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்குகிற கோடு. ஒட்டாத உறவுக்குப் புள்ளிக்கோடு.

முதியவரைத் தேடி கோரீன் ஊரெல்லாம் அலையவில்லை. கீழ் வீட்டில் அப்பா எட்மண்ட் இருக்கிறார், எழுபத்தாறு வயது. மாடி வீட்டில் கோரீனும் அவள் கணவனும். கணவன் லாரி ஓட்டுகிறவன், இந்த வாரம் நெப்ராஸ்கா பக்கம் எங்கோ இருக்கிறான், அவனை விடுங்கள்.

இந்தப் பாடம் படிக்கிற எல்லோருக்கும் முதல் மாதமே ஒரு வியாதி பிடிக்கும். யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு கோட்பாட்டுக்குள் தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். கோரீனுக்கு அது முற்றிப்போயிருந்தது. நின்றுகொண்டே சாப்பிடுகிற கணவனுக்குச் சின்ன வயதில் தாயிடம் ஒட்டுதல் போதவில்லை என்று முடிவு கட்டினாள். தங்கை ஜோலீனுக்கு இன்னும் பதின்ம வயதுப் போராட்டமே முடியவில்லை என்று அவளிடமே சொல்லி, இரண்டு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்பாவை மட்டும் அவளால் அப்படி விளையாட்டாகப் பார்க்க முடியவில்லை. அம்மா போய் நாலு வருடமாகிறது. மனுஷன் முன்பே பேசமாட்டார். இப்போது கேட்டதற்கெல்லாம் 'ம்' ஒன்றுதான் பதில். பனிக்காலத்தில் வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார். அம்மாவின் விருந்துத் தட்டுகள் ஜோலீனுக்குப் போயின. சாய்வு நாற்காலி பக்கத்து வீட்டுக்குப் போனது. கட்டைகளை உருட்டி வீழ்த்துகிற பௌலிங்கில் முப்பது வருடம் ஆடிய உருண்டையைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். பின்னறை காலியாகக் கிடந்தது. ஜோலீனின் மகளைப் பனிச்சறுக்குப் பயிற்சியிலிருந்து புதனும் சனியும் அழைத்துவர அவர்தான் போவார். பயிற்சி மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு நாளும் நாலு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எங்கே என்றால், "சும்மா."

வயதாக ஆக மனிதர்கள் உலகத்தைப் பிடித்த பிடியை ஒவ்வொரு விரலாகத் தளர்த்திக்கொண்டு விலகுவார்கள் என்று பாடத்தில் ஒரு கோட்பாடு உண்டு. வாழ்க்கையை எட்டுப் படியாகப் பிரிக்கும் இன்னொன்றில், எட்டாவது படியில் நிற்கிறவருக்கு நிறைவு, இல்லாவிட்டால் விரக்தி. 'பிரியமான பொருள்களை வாரிக் கொடுப்பது' என்பதற்கு நேரே பாடப்புத்தகத்தில் 'உயிரை மாய்த்துக்கொள்ளலாம்' என்று எச்சரிக்கைக் குறி போட்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து கோரீனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் துணிந்து கேட்டும் பார்த்தாள்.

"அப்பா, மனசு ஏதாவது கஷ்டமா இருக்கா?"

"கீழறையில தண்ணி கசியுது. அதைப் பாரு முதல்ல."

ஆக, பதினாறு பக்கத் தாளில் 'விலகல்' என்றும் 'விரக்தி' என்றும் எழுதினாள். எழுதும்போது இரண்டு முறை அழுதாள். படத்தில் அப்பாவின் சதுரத்துக்கும் தன் வட்டத்துக்கும் நடுவே புள்ளிக்கோடு போட்டாள். அதைப் போடும்போது அழக்கூட முடியவில்லை.

அதற்காக முழுப் படத்தையும் அழுதுகொண்டே வரைந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். வலது ஓரத்தில் ஜோலீனின் கணவன் கர்ட்டைத் தாண்டி, அவன் அம்மா டோலோரஸுக்கும் ஒரு வட்டம் போட்டிருந்தாள். சம்பந்தி வீடு வரை வரைய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஈஸ்டர் அன்று டோலோரஸ் கை வலிக்க வெண்ணெயில் உருவம் பிடித்துக் கொண்டுவந்த ஆட்டுக்குட்டியை, ஜெபம் முடிவதற்குள் ஜோலீன் கத்தியை எடுத்துத் தலையில் வெட்டி ரொட்டியில் தடவிவிட்டாள். வாலிலிருந்து தொடங்குவதுதான் முறை. அன்றிலிருந்து மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்படியொரு சண்டைக்கு ரம்பப்பல் கோடு போடாமல் விட கோரீனுக்கு மனசு வரவில்லை.

பேட்டி கொடுத்தவரிடம் படத்தைக் காட்டி, சரிதானா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கு ஐந்து மதிப்பெண். பெற்ற அப்பாவிடம் புள்ளிக்கோட்டை எப்படிக் காட்டுவது? ஐந்து போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கோரீன் மாடிப்படி இறங்கி வந்தபோது அப்பா சமையலறையில் நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நேராக முன்னறைக்குப் போனாள். அங்கே அப்பாவின் பழைய வரைபலகை இருக்கிறது. சுரங்க இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் பல்சக்கரமும் அச்சும் வரைந்தவர் அவர். மாடியில் அவ்வளவு பெரிய மேஜை இல்லாததால் கோரீன் குடும்பப் படத்தை அந்தப் பலகையில்தான் வரைந்தாள். நேற்று மாலை அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தாள்.

இப்போது பலகை காலி. படம் ஒரு நீண்ட அட்டைக் குழாய்க்குள் போய்விட்டது, குழாய் கதவோரம் சாய்ந்து நின்றது.

"அப்பா, இதை யாரு சுருட்டினது?"

"நான்தான். மழை வருது."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"ம்."

எட்மண்டின் 'ம்' ஆமாவா இல்லையா என்று அவரைப் பெற்றவளுக்கே தெரிந்திருக்காது. புள்ளிக்கோட்டைப் பார்த்திருப்பாரோ? ஓரத்தில் எந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று அட்டவணை வேறு போட்டுவைத்திருக்கிறாளே? பிரித்துப் பார்க்க நேரமில்லை. நகர்ப் பேருந்து எட்டு நாற்பதுக்கு. பேருந்துக்குத் தாமதமாகப் போகிறவர்களை இருபத்திரண்டு வருடம் திட்டியவள் அவள்.

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு மாதா கோவில் மீன் வறுவலுக்கு வந்துடு," என்றார் அப்பா, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜோலீனையும் கர்ட்டையும் வரச் சொல்லியிருக்கேன்."

கோரீன் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா தானாக யாரையும் எதற்கும் கூப்பிட்டு நாலு வருடம் ஆகிறது. குடும்பத்தையெல்லாம் கூட்டி ஏதோ கடைசியாகச் சொல்லப்போகிறார் என்று அவள் புத்தி ஓடியது. பாடம் படித்த புத்தி வேறெங்கே ஓடும்?

"பரீட்சையா இன்னிக்கு?" என்றார் அப்பா.

"ஆமா."

"பயப்படாதே. படம் இப்ப சரியா இருக்கு."

அந்த 'இப்ப' என்ற சொல் அவள் காதில் விழுந்தது. ஆனால் பேருந்து வருகிற சத்தமும் கூடவே விழுந்ததால் அவள் ஓடினாள்.

டாக்டர் பெர்னாடின் ஹோல்ட் வகுப்பில் ஒருவரையும் அதட்டியதில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், அதற்கே இருபத்தாறு பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அன்று முதலில் பேசிய பையன், சித்தப்பாவின் வாழ்க்கையை ஐந்து கோட்பாட்டில் பொருத்தினான். "அவர் பாவம், ஒரு கோட்பாட்டுக்குள்ளயே மூச்சு முட்டுவார்," என்றார் டாக்டர். அடுத்தது கோரீன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கியா எழுந்து உதவிக்கு வந்தாள். அகதியாய் வந்து குடியேறிய ஹ்மோங் இனத்து வீட்டுப் பெண், இருபத்துமூன்று வயது, கோரீனை முதல் நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். இருவருமாகக் குழாயிலிருந்து படத்தை உருவிப் பலகையில் விரித்துக் காந்தம் வைத்து ஒட்டினார்கள்.

ஒட்டி முடித்துத் திரும்பிய கோரீன், கியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தாள்.

படம் முழுக்கச் சிவப்பு. நாலு இடத்தில் திருத்தம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வட்டமிட்ட எண், அச்சடித்த மாதிரி கட்டை எழுத்தில் குறிப்பு. வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் 'சரிபார்த்தது' என்று எழுதி, அப்பாவின் முதலெழுத்துகளும் இன்றைய தேதியும். தொழிற்சாலைப் பழக்கம் அது. சரிபார்க்காத படம் எட்மண்டின் பலகையைவிட்டு ஒருநாளும் இறங்கியதில்லை.

"அக்கா," கியா காதோரம் வந்து முணுமுணுத்தாள். "நேத்து எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினீங்களே, அதுல சுத்தமா இருக்கு. திரையில போட்டுடட்டுமா? யாரோ கிறுக்கிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

"இரு," என்றாள் கோரீன்.

முதல் குறிப்பு அம்மாவின் பிறந்த வருடம். 1950 என்பதை அடித்து 1948 ஆக்கியிருந்தார். 'இரண்டு வருடம் குறைத்துச் சொல்லுவாள். கல்யாணப் பதிவில் பார்த்தேன். அவளிடம் கேட்கவில்லை.'

இரண்டாவது, கோரீனுக்கும் ஜோலீனுக்கும் நடுவே இருந்த ரம்பப்பல் கோடு. அதன் இரு பக்கமும் நேர்க்கோடு இழுத்திருந்தார். 'சண்டையும் உண்டு, பாசமும் உண்டு. அட்டவணையில் இதற்குத் தனிக் குறி இருக்கிறது. கவனிக்கவும்.'

மூன்றாவதைப் படிக்கும்போது கோரீனுக்கு எழுத்து கலங்கியது. அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவிலிருந்த புள்ளிக்கோட்டை அழித்துவிட்டு, அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருந்தார். 'நாலு வருடமாகத் தினமும் காலையில் கீழே இறங்கி வந்து நான் எழுந்துவிட்டேனா என்று பார்க்கிறாள். இது புள்ளிக்கோடு அல்ல.'

நாலாவது குறிப்பு இரண்டே சொல். 'கோடு விட்டுப்போனது.'

அப்பாவின் சதுரத்திலிருந்து ஒரு சிவப்பு இரட்டைக் கோடு கிளம்பியது. கோரீன் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள். அம்மாவின் வட்டத்தை மரியாதையாக மேலே வளைந்து தாண்டி, கோரீனைத் தாண்டி, ஜோலீனைத் தாண்டி, ஜோலீனின் கணவன் கர்ட்டையும் தாண்டி, காகிதத்தின் வலது ஓரம்வரை போய் ஒரு வட்டத்தில் நின்றது.

டோலோரஸ். எழுபத்திரண்டு வயது. கணவர் காலமாகிவிட்டார். ஜோலீனின் மாமியார்.

அப்பாவும் சம்பந்தியம்மாவும்.

கோரீனுக்குக் காது இரண்டும் சுட்டது. முன்வரிசையில் யாரோ படத்தைப் புரிந்துகொண்டு களுக்கென்று சிரித்தார்கள். கையிலிருந்த பதினாறு பக்கத்தில் அப்பா விலகிக்கொண்டிருந்தார், விரக்தியில் இருந்தார். பலகையில் அவர் காகிதத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிக்கொண்டிருந்தார். எதைப் பேசுவது? தாளைப் படித்தால் தேறிவிடலாம், நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கியா போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தலையசைப்பு போதும்.

கோரீன் தாளை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்தாள்.

"நான் எழுதிக்கிட்டு வந்தது தப்பு," என்றாள்.

டாக்டர் ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க தப்புன்னு சொல்லுங்க. படிச்சதை வெச்சுச் சொல்லுங்க."

"எங்கப்பா பொருளையெல்லாம் எடுத்துக் கொடுக்கறார், சொல்லாம எங்கயோ போறார், பேசமாட்டேங்கறார். மூணும் நான் கண்ணால பார்த்தது, மூணும் நிஜம். அதுக்கு நான் வெச்ச பேருதான் தப்பு. விலகல்னு வெச்சேன். அறையைக் காலி பண்றவர் போறதுக்காகவும் காலி பண்ணலாம், இன்னொரு ஆள் வர்றதுக்காகவும் காலி பண்ணலாம். வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எட்டாவது படின்னு தலைப்பு கொடுத்திருந்தீங்களே?"

"வயசைப் பார்த்து எட்டாவதுல நிறுத்தினேன். அவரு நைசா ஆறாவதுக்கு இறங்கிப் போயிருக்காரு."

ஆறாவது படி, இருபது வயதுக்காரர்கள் துணை தேடுகிற படி. வகுப்பே சிரித்தது. கியா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினாள். கோரீனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பேட்டியில பதினாலு கேள்வி கேட்டிருக்கீங்க. ஏன் இது வெளிய வரல?"

கோரீன் விரல் விட்டு எண்ணினாள். அந்தக் கேள்விகள் அவளுக்கு மனப்பாடம். "வேலை விட்டப்ப எப்படி இருந்தது, அம்மா போனப்ப எப்படி இருந்தது, கூட்டாளிங்க செத்தப்ப எப்படி இருந்தது, இடுப்பு போனப்ப எப்படி இருந்தது. பதினாலும் எதை இழந்தீங்கன்னுதான் கேட்டேன். எது கிடைச்சதுன்னு ஒண்ணுகூட இல்ல. இன்னொண்ணும் இருக்கு. பென்சில் என் கையில இருந்ததால என்னை நானே சரியா வரையல. அதை அவர்தான் வரைய வேண்டியிருந்தது."

டாக்டர் ஹோல்ட் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்தார். மூன்றாவது குறிப்பின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மூலையிலிருந்த சின்னக் கட்டத்தைப் பார்த்தார்.

"பேட்டி கொடுத்தவர்கிட்ட படத்தைக் காட்டுங்கன்னு பதினோரு வருஷமா சொல்றேன். எல்லாரும் கையெழுத்து வாங்கிட்டு வருவாங்க. ஒருத்தர்கூட திருத்தி வாங்கிட்டு வந்ததில்ல," என்றார். "படத்துக்கும் பேச்சுக்கும் முழு மதிப்பெண். கையெழுத்துக்கு அஞ்சும் சேர்த்து."

கியா கை தட்ட ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தாளுக்குப் பூஜ்யம்."

கோரீன் தான் கவிழ்த்துவைத்த தாளைப் பார்த்தாள்.

"தப்புன்னு நீங்களே சொன்ன தாளுக்கு நான் எப்படி மார்க் போடறது, கோரீன்? திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்குள்ள புதுத் தாள் வேணும். நீங்க கேக்காம விட்ட கேள்வியைக் கேட்டு, அவர் வாயால என்ன சொன்னாரோ அதை எழுதுங்க. உங்க யூகம் வேண்டாம், படத்துல இருக்கறதும் போதாது. அவர் சொன்னது. அது இல்லாட்டி பாடம் தேறாது."

அவர் வாயால் சொன்னது. பதினாலு கேள்விக்குப் பதினாலு 'ம்' சொன்ன மனுஷன் வாயால். கோரீன் படத்தைச் சுருட்டிக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

மாதா கோவில் கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் தொடங்கினால் தெருமுனைவரை எண்ணெய் வாசம் வரும். கோரீன் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாக இருபது நிமிடம். நீள மேஜையின் ஓரத்தில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். இஸ்திரிச் சட்டை, வாரிய தலை, முன்னால் பிராந்தி கலந்த கோப்பை. இன்னொரு கோப்பை கோரீனுக்காக வாங்கி வைத்திருந்தார்.

அவள் எதிரே உட்காராமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தேறிட்டியா?" என்றார்.

"அது உங்க கையிலதான் இருக்கு. ஒரே ஒரு கேள்வி பாக்கி."

"கோட்டைப் பார்த்தியா?"

"நான் மட்டுமா பார்த்தேன்? இருபத்தாறு பேர் பார்த்தாங்க. வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"வாயால வரல. பலகையில படம் இருந்துச்சு, பார்த்தேன். தப்பா இருந்துச்சு. தப்பை எப்படி விடறது?"

கோரீன் ஒரு மடக்கு குடித்தாள். "அம்மா போனதைப் பத்தியே உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப வேற கேக்கறேன். உங்களுக்கு என்ன கிடைச்சிருக்கு, அப்பா?"

"ம்," என்றார் எட்மண்ட்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு என்பது இந்தப் படிப்பில் முதல் வாரமே சொல்லித்தருவது. எதிரில் இருப்பவர் பேசும்வரை சும்மா இருக்க வேண்டும். உலகத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. கோரீன் உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பக்கத்து மேஜையில் யாரோ கோஸ் சாலட் இன்னும் கேட்டார்கள். இருபது எண்ணினாள். நாற்பது எண்ணினாள். 'என்ன, டோலோரஸ் கிடைச்சாங்க, அவ்வளவுதானே' என்று எடுத்துக் கொடுத்துவிட நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டாள்.

"பனிச்சறுக்கு மைதானத்துல பக்கத்துல பக்கத்துல உக்காருவோம்," என்றார் அப்பா. "ஜோலீன்தான் ரெண்டு பேரையும் அனுப்பினா. எனக்குப் பிள்ளையைத் திரும்பக் கூட்டிட்டு வர்ற வேலை, டோலோரஸுக்குக் கொண்டுபோய் விடற வேலை. விட்டப்புறமும் வீட்டுக்குப் போகாம உக்காந்திருப்பா. பேசிக்கிட்டே இருப்பா. நான் கேப்பேன்."

கோரீன் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

"பயிற்சி முடிஞ்சுது. அப்புறம் புதன்கிழமை நாலு மணியானா காதுல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. போன் பண்ணினேன். அவ அக்கார்டியன் வாசிப்பா, அந்தத் துருத்திப் பெட்டி, தெரியுமா உனக்கு? போல்கா ஆடற கூடத்துல புதனும் சனியும். பெட்டி பதினோரு கிலோ. தூக்கிட்டுப் போறது நான்."

"புது இடுப்பை வெச்சுக்கிட்டா?"

"இடுப்புக்கு ஒண்ணும் ஆகல." அவர் கோப்பையைச் சுற்றினார். "உங்கம்மா போனப்புறம் நான் இருக்கறது உங்களுக்காகத்தான்னு நினைச்சிருந்தேன். நீங்க பார்த்து வருத்தப்படக் கூடாதுன்னு காலையில எழுந்திரிப்பேன். இப்ப எனக்காக எழுந்திரிக்கறேன். அதுதான் கிடைச்சது. எழுதிக்கோ."

கோரீன் எழுதிக்கொள்ளவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. திங்கட்கிழமைத் தாள் மொத்தமும் அந்தப் பேச்சில் இருந்தது, பாடம் தேறிவிட்டது, அது அவளுக்குத் தெரியும். அந்த நிமிஷம் அது இரண்டாம்பட்சமாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

"பின்னறை அவங்களுக்கா?"

"பெட்டி வைக்கணும், அவ வாசிச்சுப் பழகணும். நாற்காலி இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு." அப்பா கதவுப் பக்கம் பார்த்தார். முகத்தில் முதல் தடவையாகக் கலவரம் தெரிந்தது. "கோரீன், ஜோலீன்கிட்ட நீ சொல்லிடேன். நீ படிச்சவ. பக்குவமா சொல்லுவே."

"மாட்டேன்."

"ஏன்?"

"உங்களால முடியற வேலையை நான் செஞ்சா எனக்குப் பாடத்துல மார்க் குறைப்பாங்க."

அவர் முறைத்தார். அதற்குள் ஜோலீனே வந்துவிட்டாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வருவதற்கு முன்பே பாதி தொடங்கிவிட்ட மாதிரி பேச்சைத் தொடர்ந்தாள்.

"கர்ட் கார் நிறுத்தப் போயிருக்கார். அக்கா, இன்னிக்கு அந்தம்மா என்ன பண்ணிச்சு தெரியுமா? ஈஸ்டர்லேர்ந்து என்கூடப் பேசல, இன்னிக்குக் காலையில போன் பண்ணி, சாயந்திரம் சண்டை போடாம இருக்கலாமான்னு கேக்குது. எந்தச் சாயந்திரம், எதுக்குன்னு கேட்டா வெச்சிடுச்சு. வெண்ணெயில செஞ்ச ஆட்டுக்கு இவ்வளவு ரகளையா? நான் என்ன உசிருள்ள ஆட்டையா வெட்டினேன்? அப்பா, நீங்களே சொல்லுங்க, அந்தம்மாவோட மனுஷன் பழக முடியுமா?"

கோரீன் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ண ஆரம்பித்திருந்தாள்.

எட்மண்ட் தொண்டையைச் செருமினார். "ஜோலீன்."

"என்ன?"

"டோலோரஸை எனக்குப் பிடிச்சிருக்கு. அவளுக்கும் என்னைப் பிடிச்சிருக்கு."

"எந்த டோலோரஸ்?"

"உன் டோலோரஸ்தான்."

ஜோலீன் அப்பாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தில் ஆச்சரியம் இல்லாததைப் பார்த்தாள். மழைக்கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க மாமியாரையா?" என்றாள் கடைசியில், மெல்லிய குரலில்.

"ம்," என்றார் அப்பா. அது எந்த 'ம்' என்று யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது.

அப்போது கீழ்த்தளத்துக் கதவு திறந்தது. கர்ட் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத சிரிப்போடு வந்தான். வாசலில் தன் அம்மாவைப் பார்த்து உதவிக்குப் போயிருப்பான் போல. அவன் பின்னால் டோலோரஸ். நீலச் சட்டை, உதட்டில் சாயம், கையில் ஒரு தட்டு, தட்டின்மேல் வெள்ளைத் துணி, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெண்ணெய் வால். இவர்கள் மேஜையைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

ஜோலீன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். மேஜைகளுக்கு நடுவே மாமியாரை நோக்கி நேராக நடந்தாள்.

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்மண்ட் நிமிர்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அடியில் அவர் கை துழாவி வந்து, கோரீனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.